நிழற்காட்டு விசிறிப் பனைகள்: அரிய இனங்களை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல்

பனைக் குடும்பத்தில் ஓலையின் அமைப்பைக் கொண்டே இரு பெரும் வகைகளைப் பிரித்துவிடலாம். தென்னை, கமுகு, ஈச்சை ஆகியவற்றின் ஓலை நடுத்தண்டின் இருபுறமும் கீற்றுகள் அமைந்த இறகு வடிவம். பனை, தாளிப்பனை ஆகியவற்றின் ஓலை மட்டையின் நுனியில் விரியும் விசிறி வடிவம். விசிறி வகையில் தமிழர் நன்கறிந்தது பனை ஒன்றே. வெயில், மணல், வறட்சி மூன்றையும் தாங்கிப் பழகிய மரம் அது. வைத்தவர் மறந்துவிட்டாலும் வளர்ந்துவிடும். ஆனால் அரிய விசிறிப் பனைகள் என்று தோட்டம் வைப்போர் இன்று தேடி வாங்குபவற்றில் பல, இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து வந்தவை. மலாய்த் தீபகற்பம், போர்னியோ, தென் தாய்லாந்து, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் மழைக்காடுகளில் உயர்ந்த மரங்களின் அடியில் அவை வளர்கின்றன. அத்தகைய காட்டின் உச்சியில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேர்கிறது. வீட்டில் இவை தழைப்பதற்கும் கருகுவதற்கும் உள்ள காரணங்களில் முக்கால்வாசி இந்தப் பிறந்த இடத்தில் அடங்கியிருக்கிறது.

காட்டின் அடித்தளத்தில் காற்று ஏறக்குறைய அசைவதே இல்லை. கிழிபடும் அச்சம் இல்லாத இடத்தில் ஓலை விரல் விரலாகப் பிளக்க வேண்டியதில்லை. ஒரே பரப்பாக விரிந்து, கிடைக்கும் சொற்ப ஒளியை வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவு அகலமான மெல்லிய பரப்பு தொய்ந்துவிடாமல் நிற்பதற்கு அதன் நெருக்கமான மடிப்புகளே துணை. எப்போதும் ஈரமான காற்றில் வாழ்வதால் நீரிழப்பைத் தடுக்கும் தடித்த மெழுகுப் பூச்சும் இவற்றுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. திறந்தவெளிப் பனைகளில் நிலைமை வேறு. அவற்றின் ஓலை ஆழப் பிளந்து காற்றை ஊடே விடுகிறது. தோல் தடித்து, மெழுகு படிந்திருக்கிறது. மடகாஸ்கரின் பிஸ்மார்க்கியா பனையில் கண்ணைப் பறிக்கும் வெள்ளி நீலம் அந்த மெழுகின் நிறந்தான். ஆகவே பெயர் தெரியாத விசிறிப் பனைக் கன்று ஒன்று கைக்கு வந்தால், ஓலையைப் பார்த்தே அதன் இடத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்: பிளவில்லாத அகன்ற பச்சை ஓலை நிழலைக் கேட்கும், பிளந்து விறைத்த, சாம்பல் பூத்த ஓலை வெயிலைக் கேட்கும்.

அரியது என்ற அடைமொழியும் கொஞ்சம் ஆராயப்பட வேண்டியது. காட்டில் அருகிப்போன இனம் ஒன்று தோட்டங்களில் மலிந்திருக்கலாம். காட்டில் பரவலாக உள்ள இனம் விதை சீக்கிரம் செத்துவிடும் காரணத்தாலேயே தோட்டங்களில் காணக் கிடைக்காமல் இருக்கலாம். இரண்டுமே வளர்ப்பின் கடினத்தைக் காட்டுவதில்லை. தாளிப்பனையின் நெருங்கிய உறவான கோரிஃபா தாலியரா வங்காளத்தைச் சேர்ந்தது. காட்டு நிலையில் அறியப்பட்ட கடைசி மரம் 1979-இல் சாந்திநிகேதன் பகுதியில் வெட்டப்பட்ட பிறகு, நட்டு வளர்க்கப்பட்ட மரங்களாகவே அந்த இனம் உயிரோடிருக்கிறது. டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற ஒரு மரம் 2008-இல் பூத்தது. உலகின் மிக அரிய பனைகளில் ஒன்றான இதற்கு நல்ல வெயிலும் ஆழமான மண்ணும் போதும். மறுபக்கம், தென் தாய்லாந்திலிருந்து போர்னியோ வரை பரவியுள்ள ஜோஹானஸ்டைஸ்மானியா ஆல்டிஃப்ரான்ஸ் காட்டில் அவ்வளவு அரியதல்ல. தோட்டத்தில் அதை நிலைநிறுத்துவது மிகக் கடினம்.

நிழல் வகைகளில் முதலில் சொல்ல வேண்டியது லிக்குவாலா. வடகிழக்கு இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, வனுவாட்டு வரை 150-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பரவிய பேரினம் இது. இந்திய நர்சரிகளில் விசிறிப் பனை என்ற பெயரில் தொட்டியில் விற்கப்படுவது பெரும்பாலும் வனுவாட்டுத் தீவுகளைச் சேர்ந்த லிக்குவாலா கிராண்டிஸ். ஏறத்தாழ வட்டமான, பிளவற்ற, ஓரத்தில் சிறு பற்கள் கொண்ட பளபளப்பான ஓலை; சுமார் 3 மீட்டருக்குள் அடங்கும் உயரம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளுக்காகக் கொண்டுவரப்பட்டபோது வேறொரு பேரினத்தின் பெயரைச் சுமந்திருந்தது. ஒருகாலத்தில் பணக்காரர் மட்டும் வாங்கிய செடி, இன்று அரியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்த வகையில் கைப்பழக்கம் பெற இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இதைக் காப்பாற்ற முடியாத இடத்தில் விலை கூடிய மற்றவற்றை வாங்குவது வீண்.

லிக்குவாலா பெல்டாட்டா அஸ்ஸாம், அந்தமான், மியான்மர் காடுகளில் காணப்படும் பெரிய இனம். இதன் வழக்கமான ஓலை ஆப்புகளாகப் பிளந்திருக்கும். தெற்கே தாய்லாந்து, மலாய்த் தீபகற்பம் பக்கம் வளரும் சுமவோங்கியை என்ற வகையில் அது பிளவின்றி ஒன்றரை மீட்டர் குறுக்களவு வரை விரியும். சேகரிப்போர் கண் வைப்பது இந்தப் பிளவற்ற வகையின் மேல்தான். சரவாக்கைச் சேர்ந்த லிக்குவாலா ஆர்பிகுலாரிஸ், கார்டாட்டா ஆகியவை தண்டு உயராமல் தரையோடு நிற்கும் சிறிய செடிகள். அதே பகுதியின் மட்டனென்சிஸ் இனத்தில் மஞ்சளும் பச்சையும் கட்டம் கட்டமாகக் கலந்த ஓலையுடைய ஒரு வடிவம் உண்டு, விலையும் அதற்கேற்ப. குவீன்ஸ்லாந்தின் ராம்சேயி மேற்சொன்ன ஊகத்துக்கு ஒரு விலக்கு: இளமையில் நிழலில் வளர்ந்து, பிறகு 15 மீட்டருக்கும் மேலே உயர்ந்து மரமுகட்டை எட்டுவது. அதன் ஓலை வட்டமாக இருந்தாலும் ஆப்பு ஆப்பாகப் பிளந்திருக்கும். லிக்குவாலாவின் மட்டையோரத்தில் பனங்கருக்கைப் போன்ற கூரிய முட்கள் இருப்பதால் நடைபாதை ஓரத்தில் நடுவது நல்லதல்ல.

ஜோஹானஸ்டைஸ்மானியா என்ற நீண்ட பெயர், ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவைப் பல்லாண்டு பேணிய ஜோஹானஸ் டைஸ்மான் நினைவாக வந்தது. இப்போதைய வடிவில் இதை 1961-இல் ஹெரால்டு மூர் நிறுவினார். 1972-இல் ஜான் டிரான்ஸ்ஃபீல்டு புதிதாக மூன்று இனங்களைச் சேர்க்க, மொத்தம் நான்கு ஆயிற்று. ஆல்டிஃப்ரான்ஸில் தண்டு மண்ணுக்குள்ளேயே இருக்கும். தரையிலிருந்து நேரே எழும் ஓலை ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேலே 3 மீட்டர் வரை நீண்டு, நடுவில் அகன்று, இரு முனையும் ஒடுங்கிய சாய்சதுரமாக நிற்கும். மலாய் மொழியில் இதற்குக் குடை இலை என்று பெயர். காட்டுவாசிகள் மழைக்குப் பிடித்தும் கூரைக்கு வேய்ந்தும் பயன்படுத்தினர். மலேசியாவின் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் பகுதிகளில் மட்டும் காணப்படும் மாக்னிஃபிகாவின் ஓலை அடிப்புறம் வெள்ளியாக மின்னும். அழகில் இதற்கு இணை குறைவு என்பது மிகையல்ல. இந்தச் செடிகளிடம் இன்னொரு திறமையும் இருக்கிறது: நிமிர்ந்து சூழ்ந்த ஓலைகள் மேலிருந்து விழும் சருகுகளைப் பிடித்து அடிப்பகுதிக்கு இறக்குகின்றன, அங்கே அது மட்கி உரமாகிறது. இதைப் பார்த்துவிட்டு ஓலையடுக்கில் சேரும் சருகைச் சுத்தமாக வாரிவிடும் வழக்கத்தைத் தோட்டத்தில் கைவிடலாம்.

கெரியோடாக்ஸா எலிகன்ஸ் ஒரே இனம் மட்டும் கொண்ட பேரினம். டிரான்ஸ்ஃபீல்டு 1983-இல் விவரித்தது. சயாமில் பணியாற்றி அந்நாட்டுத் தாவரவியலுக்கு அடித்தளமிட்ட அயர்லாந்து மருத்துவர் ஆர்தர் கெர் பெயரைத் தாங்கியிருக்கிறது. காட்டில் இது தென் தாய்லாந்தின் பூக்கெட் தீவிலும் அருகிலுள்ள பெருநிலத்தில் சில இடங்களிலும் மட்டுமே உண்டு. கரிய, முள்ளில்லாத மட்டை. 2 மீட்டர் வரை விரியும் ஓலை. மேலே அடர்பச்சை, கீழே சுண்ணாம்பு வெள்ளை. தாய்லாந்தில் வெண்முதுகுப் பனை என்ற பெயரும் இதற்கு வழங்குகிறது. காட்டில் இத்தனை குறுகிய இடத்தில் முடங்கியிருந்தும், விதை நன்றாக முளைப்பதாலும் கன்று ஓரளவு வேகமாக வளர்வதாலும் ஃபுளோரிடா, ஹவாய், குவீன்ஸ்லாந்து தோட்டங்களில் பரவிவிட்டது. உண்மையிலேயே அரியதும் வளர்க்கத் தக்கதுமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். லிக்குவாலா கிராண்டிஸ் பழகியவருக்கு அடுத்த படி இது.

வெயில் வகைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிஸ்மார்க்கியா இன்று நகரத்து அழகுத்தோட்டங்களில் சாதாரணமாகிவிட்டது. கியூபாவின் கோப்பர்னீசியா இனங்கள் அழகானவை, ஆனால் நட்டவர் பேரன் காலத்தில்தான் மரமாகும். குஜராத், டையூ கடலோரத்தில் கிளைத்து வளரும் ஹைஃபீனே டைகோட்டமா வறண்ட நிலத் தோட்டங்களுக்கு ஏற்றது. தாளிப்பனையும், செஷெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய்ப் பனையும் வீட்டுத் தோட்டத்துக்கு உரியவை அல்ல. முன்னதன் ஓலை 5 மீட்டர் விரியும், மரம் முப்பது முதல் எண்பது ஆண்டுக்குள் ஒரே முறை பூத்து மடியும். பின்னதன் காய் முற்றவே ஆறேழு ஆண்டு பிடிக்கும். ஹௌரா தாவரவியல் பூங்காவிலும் இலங்கையின் பேராதனையிலும் போய்ப் பார்த்துவிட்டு வருவதே முறை.

நிழல் வகையை நடும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. வெயில் அதற்கு அடுத்ததுதான். வெயிலை நிழல்வலை கட்டித் தணிக்கலாம். ஆனால் ஒரே நாள் வீசும் பலத்த காற்று ஓலையை மடிப்பு மடிப்பாகக் கிழித்துவிட்டால், ஆண்டுக்குச் சில ஓலைகளே விடும் செடி பழைய தோற்றத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் பெருமரங்களையே சாய்த்ததை அறிந்தவர்கள், கிழக்குக் கடற்கரைத் தோட்டத்தில் பிளவற்ற ஓலை எந்த அளவு தாங்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். வீட்டின் வடக்கு அல்லது கிழக்குச் சுவரோரம், மதிலும் மரமும் சந்திக்கும் மூலை, கட்டடங்களுக்கு நடுவிலுள்ள முற்றம் ஆகியவை நல்ல இடங்கள். காலை ஒன்பது மணிக்கு முந்திய இளவெயில் கெடுதலல்ல. பிற்பகல் வெயில் ஓலையில் வெளுத்த திட்டுகளாக எரிகாயத்தை விட்டுச் செல்லும். மேலே மா, பலா போன்ற மரத்தின் ஊடு நிழல் இருப்பது வலையைவிட மேல், ஏனென்றால் மரம் காற்றில் ஈரத்தையும் தருகிறது. வலை கட்டுவதானால் பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தடுக்கும் வலை வேண்டும்; கன்றுகளுக்கு 75 விழுக்காடு வரை.

தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை ஆண்டு மழையின் மொத்த அளவு ஏமாற்றும் எண். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் பெய்கிறது, ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சரவாக்கின் கூச்சிங் நகரில் ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர், வறண்ட மாதம் என்று ஒன்றே இல்லாமல் பெய்கிறது. இந்தப் பனைகளுக்கு முக்கியமானது மழையற்ற மாதங்களின் எண்ணிக்கை. கத்திரி வெயிலில் காற்றின் ஈரம் இறங்கும் திருச்சி, மதுரை, வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் தரையில் நட்டுப் பிழைக்க வைப்பது பெரும் பாடு. அங்கே சுற்றிலும் செடிகள் நெருக்கி வைத்த நிழற்குடிலே வழி. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி, குற்றாலத்து மலையடி, நீலகிரியின் கீழ்ச்சரிவான கல்லாறு, பர்லியாறு பக்கம், கேரளம், இலங்கையின் கொழும்பு, காலி, கண்டி ஆகியவை இயல்பாகவே ஏற்ற இடங்கள். பனை செழிக்கும் யாழ்ப்பாணம் இவற்றுக்கு உகந்ததல்ல. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் இந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் வீட்டு வாசலே காட்டின் தட்பவெப்பம். குளிர் தாங்கும் திறன் லிக்குவாலா கிராண்டிஸுக்கு மிகக் குறைவு. கெரியோடாக்ஸா அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் எதையும் முயலாமலிருப்பது நல்லது.

விதை வாங்குவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பது இந்தத் துறையில் நாகரிகம் மட்டுமல்ல, தேவையும்கூட. மாக்னிஃபிகா போன்ற குறுகிய பரப்பில் வளரும் இனங்களில் காட்டிலிருந்து விதை வாரிச் செல்வது புதிய தலைமுறையையே வாரிச் செல்வதாகும். காட்டிலிருந்து பிடுங்கப்பட்ட பெரிய செடி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. நேர்மையான வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு மடகாஸ்கரின் தாஹினா ஸ்பெக்டாபிலிஸ். 5 மீட்டர் வரை விரியும் ஓலை கொண்ட இந்த விசிறிப் பனை 2008-இல்தான் அறிவியலுக்கு விவரிக்கப்பட்டது. அப்போது அறியப்பட்ட வளர்ந்த மரங்கள் நூறுக்கும் குறைவு. ஒரே முறை பூத்து மடியும் இனமும்கூட. அதன் விதைகள் முறைப்படி சேகரிக்கப்பட்டு உலகெங்கும் பனை வளர்ப்போருக்கு விற்கப்பட்டன. வருவாயில் ஒரு பகுதி அது வளரும் இடத்துக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டப்படியும் சில கட்டுப்பாடுகள் உள்ளன. வெளிநாட்டு விதையையோ கன்றையோ இந்தியாவுக்குக் கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் நோயின்மைச் சான்றும் வேண்டும். தென்னை உயிர்நாடியாக உள்ள நாட்டில் பனைக் குடும்ப நோய் எதையும் பையில் போட்டுக் கொண்டுவராதிருக்க இந்தக் கெடுபிடி நியாயமானதே.

இந்தப் பனைகளின் விதைகளை நெல், உளுந்துபோல உலர்த்திச் சேமிக்க முடியாது. காய்ந்தால் கரு செத்துவிடும். பழத்தோலை நீக்கிக் கழுவி, ஈரமான தேங்காய் நார்க்கழிவில் வைத்து உடனே முளைக்கப் போட வேண்டும். 27 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது, ஆகவே தமிழகத்தில் தனியாகச் சூடேற்றத் தேவை இல்லை. மூடிய பெட்டியில் ஈரம் காத்தாலே போதும். கெரியோடாக்ஸா சில மாதங்களில் முளைத்துவிடும். லிக்குவாலாவுக்கு மூன்று மாதம் முதல் ஓராண்டு. ஜோஹானஸ்டைஸ்மானியாவின் ஒரே குலை விதைகளிலும் சில முன்னதாகவும் சில ஓராண்டு கழித்தும் முளைக்கும் என்பதால் தட்டைக் கொட்டிவிடும் அவசரம் கூடாது. விசிறிப் பனைகள் பெரும்பாலானவற்றில் முளை விதையைவிட்டு விலகி, முதலில் கீழ்நோக்கி இறங்கிய பின்பே தளிரை மேலே அனுப்புகிறது. பனங்கிழங்கு பிடுங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பிஸ்மார்க்கியா, தாளிப்பனை ஆகியவற்றில் இந்த இறக்கம் ஆழமாக இருப்பதால் உயரமான தொட்டியில்தான் விதைக்க வேண்டும். லிக்குவாலாவுக்குச் சாதாரண ஆழம் போதும்.

கன்றை மாற்றி நடும்போது பனைக் குடும்பத்துக்கே உரிய இரண்டு இயல்புகளை மறக்கக் கூடாது. ஒன்று, ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளரும் புள்ளி ஒன்றே. குருத்து போனால் செடி போயிற்று. இரண்டு, மாமரம்போல ஆண்டுக்காண்டு தண்டு பருக்கும் திசு பனைகளில் இல்லை. இளஞ்செடி முதலில் தன் முழுப் பருமனையும் தரைமட்டத்தில் அடைந்த பிறகே உயரத் தொடங்கும். பல ஆண்டுகள் உயராமல் நிற்பதைக் கண்டு நோய் என்று மருந்தடிப்போர் உண்டு, அது நோயல்ல. வேர்க்கட்டு கலையாமல், தொட்டியில் இருந்த அதே மட்டத்தில் நட வேண்டும். ஆழப் புதைத்தால் குருத்தடியில் நீர் தேங்கி அழுகும். ஜோஹானஸ்டைஸ்மானியா வேரைத் தொட்டாலே சுணங்கிப்போகும் செடி என்பதால் இளமையிலேயே நிரந்தர இடத்தில் வைத்துவிடுவது உத்தமம். கெரியோடாக்ஸாவுக்கும் பெரிய லிக்குவாலாவுக்கும் சுற்றிலும் 3 மீட்டருக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். இல்லையேல் ஓலைகள் சுவரில் உரசி அழகு கெடும். சிறிய மனைக்கு கிராண்டிஸ், கார்டாட்டா போன்றவையே பொருந்தும்.

மண் எதுவாயினும் நீர் வடியும் மண்ணாக இருந்தால் சரிசெய்துவிடலாம். நிலத்தைக் கிளறி இலைமட்கு, நன்கு மக்கிய தொழுவுரம், சற்று ஆற்றுமணல் கலந்து, சற்றே மேடாக்கி நடுவது களிமண் நிலத்துக்கு நல்லது. தொட்டிக்குச் செம்மண், மணல், இலைமட்கு மூன்றும் சம அளவு. நார்க்கழிவு சேர்ப்பதாயின் உப்பு நீங்கப் பலமுறை அலசிய பின்பே சேர்க்க வேண்டும். தரையில் நட்டதற்குக் கையகல உயரத்துக்குச் சருகு மூடாக்கு வேண்டும், தண்டை ஒட்டாமல். நீர் விஷயத்தில் அளவைவிடத் தரமே தொல்லை தருகிறது. ஆழ்குழாய் நீரின் உப்பு ஓலை நுனிகளைப் பழுப்பாகக் கருக்கும். காரத்தன்மை மண்ணிலுள்ள இரும்பையும் மாங்கனீசையும் வேர் எடுக்க முடியாதபடி கட்டிவிடும். மழைநீரைத் தேக்கி வைத்து ஊற்றுவது இந்தச் செடிகளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. மண் எப்போதும் ஈரமாக இருக்கலாம், சேறாக நிற்கக் கூடாது.

உரம் இடுவதில்தான் நல்லெண்ணத்தோடு கெடுப்பது அதிகம் நடக்கிறது. பனைகளுக்குத் தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்து கூடுதலாக வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அங்குள்ள மணற்பாங்கான மண்ணுக்குப் பரிந்துரைக்கும் கலவையில் தழைச்சத்து 8, மணிச்சத்து 2, சாம்பல்சத்து 12, மெக்னீசியம் 4 என்ற விகிதம் இருக்கிறது. இங்கே கடையில் எளிதாகக் கிடைக்கும் 17:17:17, 19:19:19 போன்ற சம விகித உரங்களில் மணிச்சத்து தேவைக்கு மிக அதிகம். தழைச்சத்து வளர்ச்சியை முடுக்கிவிட, சாம்பல்சத்துப் பற்றாக்குறை மேலும் முற்றும். அந்தப் பற்றாக்குறை முதலில் அடியோலைகளில் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். செடி பழைய ஓலையிலிருந்து சத்தை உறிஞ்சிப் புதிய ஓலைக்கு அனுப்புவதால் அப்படி. மஞ்சளாகிவிட்டதே என்று அந்த ஓலையை வெட்டினால், அடுத்த மேலோலை மஞ்சளாகத் தொடங்கும். முழுதும் காய்ந்த பிறகே நீக்க வேண்டும். ஓலையின் நடு பச்சையாக இருந்து ஓரம் மட்டும் பட்டையாக மஞ்சளானால் மெக்னீசியக் குறை. புதிய குருத்தோலையே சிறுத்து, சுருண்டு, கருகினாற்போல் வெளிவந்தால் மாங்கனீசுக் குறை. காரமண்ணில் இதுதான் கவலைக்குரியது, கவனிக்காவிட்டால் குருத்தே போய்விடும். மாங்கனீசு சல்பேட்டைக் கரைத்துத் தெளித்தும் மண்ணில் இட்டும் சரிசெய்யலாம். தென்னைக்குச் சொல்லும் போராக்ஸ் அளவை இவற்றுக்கு அப்படியே இடுவது ஆபத்து, ஏனெனில் போரான் தேவைக்குச் சற்றே மிஞ்சினாலும் நஞ்சு. சாம்பல்சத்துக்காக அடுப்புச் சாம்பலைக் கொட்டுவதும் மண்ணின் காரத்தைக் கூட்டும். மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சிறிதளவு இட்டு வருவது பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

வறண்ட காற்றில் சிலந்திப்பேன் ஓலையின் அடிப்புறத்தில் சாற்றை உறிஞ்சி, மேற்புறத்தை வெளிறிய புள்ளிகளாக்கும். குளிர்பதன அறையில் அலங்காரத்துக்கு வைத்த கிராண்டிஸுக்கு இதுவே வழக்கமான முடிவு. வாரம் ஒருமுறை வெளியே கொண்டுவந்து ஓலையின் இருபுறமும் நீர் பீய்ச்சிக் கழுவினால் அது அண்டாது. மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் மடிப்புகளின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். மென்துணியால் துடைத்து, சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெய் தெளிக்கலாம், மாலையில் மட்டும். அருகில் தென்னந்தோப்பு உள்ள இடங்களில் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையும். தென்னைக்குச் செய்வதுபோல வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் 1:2 விகிதத்தில் கலந்து குருத்தைச் சுற்றிய மட்டை இடுக்குகளில் வைப்பது உதவும். மழைக்காலத்தில் குருத்து இழுத்தால் கையோடு வந்துவிடுமாயின் அது குருத்தழுகல். அழுகிய பகுதியை முழுதும் நீக்கிப் போர்டோ பசை தடவுவதைத் தொடக்கத்திலேயே செய்தால்தான் பயன் உண்டு. தென்னையில் தஞ்சாவூர் வாடல் என்று பெயர்பெற்ற அடித்தண்டழுகலைக் கொண்டுவரும் கேனோடெர்மா காளான் மற்றப் பனைகளையும் தாக்கும். அதற்கு மருந்து என்று நம்பத்தக்கது இல்லை. நோயால் செத்த தென்னையின் தூர் கிடந்த குழியில் எந்தப் பனையையும் நடாதிருப்பதே காப்பு.

நன்றாக அமைந்த செடி, நட்ட பல ஆண்டுகளுக்குப் பின் பூக்கும். லிக்குவாலா கிராண்டிஸில் பூக்கள் இருபாலாக இருப்பதால் தனி மரமே காய்க்கும். நீண்ட காம்புகளில் தொங்கும் சிவந்த பழக்கொத்துகள் அதன் இன்னோர் அழகு. கெரியோடாக்ஸாவில் ஆண் வேறு, பெண் வேறு. கன்றைப் பார்த்துப் பால் சொல்ல இயலாது. விதை வேண்டுவோர் மூன்று நான்கு கன்றுகளைச் சேர்த்து நட்டு, இரண்டும் அமையும் என்று காத்திருக்க வேண்டியதுதான், அல்லது வேறொரு தோட்டத்திலிருந்து மகரந்தம் வாங்கிவந்து தூவ வேண்டும். இப்படிக் கிடைக்கும் வீட்டு விதை கன்று பெருக்கவும் காட்டின் மேலுள்ள நெருக்கடியைத் தணிக்கவும் பயன்படும். ஆனால் காட்டுக்குத் திருப்பி நடுவதற்கு அது ஏற்றதல்ல: தோட்டத்துச் செடிகளில் பல ஒன்றிரண்டு தாய்மரங்களின் வழி வந்தவை. பசிபிக்கின் பிரிச்சார்டியா போன்ற பேரினங்களில் அருகருகே நட்ட இனங்கள் தமக்குள் கலந்தும் விடுகின்றன. தாய்மரம் எந்தக் காட்டின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று பதிவேடு வைத்து வளர்க்கும் தாவரவியல் பூங்காக்களின் விதைக்கே அந்தத் தகுதி உண்டு.